பாதி பாலிஷ் போட்ட கார்

விற்க மாட்டேன். எவன் வந்து கேட்டாலும், எவ்வளவு கொடுத்தாலும், இந்தக் காரை நான் விற்க மாட்டேன்.

இதை முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். காருக்குள் இருக்கும் கண்ணாடியில் தெரிந்த என் முகத்துக்கு நேராக. அதற்கு முன் நான்கு கதவுகளின் கைப்பிடிகளையும் சுற்றோ சுற்றென்று சுற்றி, ஜன்னல்களை ஏற்றி மூடிக்கொண்டேன். பயந்து அல்ல. என் மனைவிக்குக் காது கூர்மை, அவ்வளவுதான்.

காரைப் பற்றிச் சொல்கிறேன். நாங்கள் வாங்கும்போதே அது வேறொருவரிடம் உழைத்துக் களைத்த கார். வீட்டு வாசலில், மதில் ஓரமாக, மரத்தடியில் நிற்கிறது. மரத்தில் உள்ள பறவைகள் எல்லாம் அதன் மேல்தான் காலைக் கடனைக் கழிக்கின்றன. எனக்கு ஆபீஸ் பஸ் தெருமுனைக்கே வந்துவிடும். ஆகவே காரை ஓட்ட வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் உட்கார வேண்டிய அவசியம் உண்டு.

தினமும் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து, டீ குடித்து முடித்ததும், ஆணியில் மாட்டியிருக்கும் சாவியை எடுப்பேன். "பேட்டரி இறங்கிடும்மா. ஒரு மணி நேரம் ஸ்டார்ட் பண்ணி வச்சுட்டு வரேன்" என்று மனைவியிடம் சொல்வேன். காரில் போய் உட்காருவேன். ஸ்டார்ட் பண்ண மாட்டேன். சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வேன். சமையலறை வீட்டின் பின்பக்கம் இருக்கிறது. மிக்ஸி ஓடும்போது வாசலில் இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியப் போகிறது? அந்த ஒரு மணி நேரம் என்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேஸ் புக் பண்ணியாச்சா, குழாய் ரிப்பேர்காரன் என்ன சொன்னான், உங்க அக்கா ஏன் போன் பண்ணலை, ஒன்றும் கிடையாது. சீட்டுக்கு அடியில் கை விட்டால் சாக்லேட் இருக்கும். எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இருந்துவிட்டுப் போகட்டும். அவருக்கும் எனக்கும் பழைய தகராறு.

இப்படிப்பட்ட காரைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, என் மனைவி விற்கச் சொன்னாள்.

"என்னங்க, அந்தக் காரை வித்துடலாம்."

"எந்தக் காரை?"

"நம்ம கிட்ட எத்தனை இருக்கு?"

"அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஒண்ணுமே பண்ணலை. நின்ன இடத்துல நின்னுக்கிட்டே இருக்கு. கதவுல அப்பியிருக்கிற தூசியில 'என்னைக் கழுவு'ன்னு யாரோ விரலால எழுதிட்டுப் போயிருக்காங்க. அதுக்குக் கீழே யாரோ 'முடியாது'ன்னு எழுதியிருக்காங்க."

அந்த 'முடியாது' நான் எழுதியது. எனக்கும் தன்மானம் உண்டு.

"இப்படியே வித்தா பழைய இரும்புக்குத்தான் எடுப்பாங்க. நல்லா சுத்தம் பண்ணினா மரியாதையான விலைக்குப் போகும். கார் சுத்தம் பண்ற கடையில விட்டுடலாம்."

"கடையா? எதுக்குக் கடை? நான் எதுக்கு இருக்கேன்?"

"நீங்களா? வேணாங்க. உங்களால முடியாது."

"யாரால? என்னாலயா?"

"ஜன்னல் கண்ணாடியைத் துடைங்கன்னா கையெழுத்துப் போட்ட மாதிரி இழுத்து வச்சுட்டு வருவீங்க. இது பெரிய வேலை. பழக்கம் வேணும்."

"இங்க பாரு. அந்தக் காரை நான் துடைக்கிற துடைப்புல உன் முகம் தெரியும். அதைப் பார்த்து நீ தலை சீவலாம்!"

"சரி" என்றாள்.

அந்தச் 'சரி' வந்த வேகத்தைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று இன்னொரு வாய் சாப்பிட்டேன். கை கழுவும்போதுதான் உறைத்தது. யார் கழுவுவது என்று சண்டை போட்ட அவசரத்தில், விற்பதற்கு நான் தலையாட்டியிருக்கிறேன்!

உடனே ஓடிப்போய்க் காருக்குள் உட்கார்ந்து ஜன்னல்களை ஏற்றினேன். மேலே சொன்ன சபதம் அப்போது போட்டதுதான்.

சபதம் போட்டால் போதுமா? திட்டம் வேண்டும். யோசித்தேன். காரைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். சுத்தம் செய்து முடிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேனா? இல்லை. முடித்தால்தானே விற்க முடியும்! ஆகவே வேலை செய்வேன், முழு மூச்சாகச் செய்வேன், ஆனால் முடிக்க மாட்டேன். என்னை யாரும் குறை சொல்லவும் முடியாது. காரை யாரும் வாங்கவும் முடியாது.

இந்தத் தொழிலை விவரமாகச் சொல்லித் தருகிற வீடியோக்கள் செல்போனில் கொட்டிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் பார்த்தேன். அதில் ஒன்றில்தான் என் ஆயுதம் கிடைத்தது. பாலிஷ் போடுகிறவர்கள் காரின் பானெட்டில், நட்ட நடுவே, ஒரு காகித டேப்பை நீளவாக்கில் ஒட்டுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்க்கிறார்கள். டேப்பை எடுத்தால் ஒரு பக்கம் பளபள, மறுபக்கம் பழைய அழுக்கு. வித்தியாசத்தைக் காட்டிவிட்டு அவர்கள் மறுபக்கத்துக்கும் போய்விடுகிறார்கள். நான் போக மாட்டேன்.

காரின் மூக்கிலிருந்து வால் வரைக்கும் டேப் ஒட்டினேன். டிரைவர் பக்கம் என் பக்கம். மறுபக்கம் பறவைகளின் பக்கம். ஷாம்பூ தண்ணீரில் கழுவினேன். தொட்டால் சொரசொரவென்று ஒட்டியிருக்கும் பொடித் தூசியை எடுப்பதற்கென்று ஒரு களிமண் கட்டி விற்கிறது. அதை வைத்து அங்குலம் அங்குலமாக உருட்டினேன். பாலிஷ் போட்டுத் தேய்த்தேன். மஞ்சளேறிப் போன ஹெட்லைட்டில் ஒன்றை மட்டும் பற்பசை வைத்துத் துலக்கினேன். ஒரு கண்ணுக்கு மட்டும் ஆபரேஷன் ஆன மாதிரி கார் தெருவைப் பார்த்தது. உள்ளே டிரைவர் சீட்டுப் பக்கம் பழைய டூத் பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் சுரண்டினேன். அதற்கு முன்னால் சீட்டுக்கு அடியில் கிடந்த சாக்லேட் காகிதங்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு போய் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அந்தப் பக்கத்துப் பின் சீட்டில் எப்போதோ கொட்டிய பாலின் வாசனையை மட்டும் தொடவில்லை. அது எனக்கு வேண்டிய வாசனை.

மதிலுக்கு மேலே ஒரு தலை முளைத்தது. பக்கத்து வீட்டு ரைட்டு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் "ரைட்டு!" என்று முடிப்பதால் அந்தப் பெயர். முடிப்பார் என்று சொன்னது தப்பு. அவர் எதையும் முடித்ததே இல்லை. அவர் போன பஸ் நின்ற இடத்திலெல்லாம் அவர் பேச்சு நிற்காமல் போகும்.

"என்ன தம்பி, பாதிதான் தேய்ச்சிருக்கீங்க?"

"அப்படித்தாண்ணே. ஒரு பக்கம் பாலிஷ் நல்லா ஊறின பிறகுதான் மறுபக்கம் தொடணும்."

"எவ்வளவு நாள் ஊறணும்?"

"அது வெயிலைப் பொறுத்தது."

"ரைட்டு! இப்படித்தான் எங்க டிப்போவுல ஒருத்தன் பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன்னு..." என்று அவர் ஆரம்பித்தார். நான் பக்கெட்டை எடுத்துக்கொண்டு காரின் மறுபுறம் குனிந்துகொண்டேன். பெயிண்ட் காய்ந்து, பஸ் ஓடி, அவன் கல்யாணமும் ஆகி, பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகுதான் நிமிர்ந்தேன்.

மனைவியும் வந்து பார்த்தாள். பளபளக்கும் பக்கத்தில் விரலை வைத்துத் தடவினாள். "நல்லாத்தாங்க வருது" என்றாள். "மறுபக்கம்?" என்று கேட்பாள் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை. எனக்கே கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. நன்றாக வரும் வேலையைப் பாதியில் நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? துணியோடு கை டேப்பைத் தாண்டித் தாண்டிப் போகும். பிடித்து இழுத்து வைப்பேன். கொள்கை என்றால் கொள்கைதான்.

கார் விற்பனைக்கு என்று கேள்விப்பட்டு முதலில் பார்க்க வந்தவர் சலூன் வைத்திருப்பவர். காரின் எதிரே நின்று தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"என்ன சார் இது? ஒரு கன்னத்தை மட்டும் ஷேவ் பண்ணி அனுப்பியிருக்கீங்க?"

"இன்னும் ஊறணுங்க."

"ஊறட்டும் சார். நான் இப்படி ஒரு ஆளை எழுப்பி விட்டா கடையையே உடைச்சுடுவான்."

போய்விட்டார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. வீட்டுக்குள் போய் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "அவருக்குப் பிடிக்கலையாம்" என்றேன்.

"போனா போகுது. நாளைக்கு இன்னொருத்தங்க வராங்க" என்றாள் மனைவி. அவள் முகத்தில் கவலையே இல்லை. அடுத்து வருகிறவரும் சலூன்காரர் போன வழியில்தான் போவார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வந்தவர் அப்படிப்பட்டவர் அல்ல. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற ஒரு மேடம். குட்டையாக இருந்தார். நடை மட்டும் லாரி மாதிரி. காரை ஒரு சுற்று சுற்றி வந்து டேப்புக்கு எதிரே நின்றார்.

"இது யாரோட ஐடியா?"

"என்னுது" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன்.

"பிரமாதம் சார்!"

"என்னது?"

"விக்கிறவங்க எல்லாரும் முழுசாப் பாலிஷ் போட்டு மினுக்கி வச்சுடுவாங்க. அடியில எங்க இடிச்சான், எங்க ஒட்டுப் போட்டான்னு ஒண்ணும் தெரியாது. நீங்க பாதியை அப்படியே விட்டிருக்கீங்க. ரெண்டு பக்கமும் ஒரே பெயிண்ட்டு. கம்பெனியில அடிச்ச பெயிண்ட்டு. எங்கேயும் அடிபடாத வண்டின்னு இதுவே சொல்லுது. இவ்வளவு நேர்மையா விக்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை."

என் நேர்மை எனக்கே அப்போதுதான் தெரிந்தது. விடக்கூடாது என்று இறங்கினேன்.

"கீறல் நிறைய இருக்கு மேடம்."

"என் கிட்ட வந்தா இன்னும் நிறைய ஆகும் சார். கத்துக்கிறவங்க ஓட்டப் போற வண்டி."

"பின் சீட்டுல பால் கொட்டி ஒரு மாதிரி வாடை அடிக்கும். மூச்சு விட முடியாது."

"முதல் தடவை ஓட்ட உட்கார்றவங்க பயத்துல மூச்சே விட மாட்டாங்க. அது பரவாயில்லை. எனக்கு ஒரே ஒரு கவலைதான். இது ரொம்ப நாளா நின்ன வண்டி. பேட்டரி செத்திருக்கும். இன்ஜின் இறுகிப் போயிருக்கும். அப்படி இருந்தா எனக்கு வேணாம்."

அடிச்சது யோகம்! "ஆமா மேடம், நின்ன வண்டிதான், நின்னுக்கிட்டே..." என்று நான் முடிப்பதற்குள் மனைவி குறுக்கே வந்தாள்.

"இல்லைங்க மேடம். இவர் தினமும் சாயங்காலம் தவறாம ஒரு மணி நேரம் ஸ்டார்ட் பண்ணி வைப்பார். பேட்டரின்னா அவ்வளவு அக்கறை. இல்லைங்க?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மதிலுக்கு மேலே ரைட்டும் பார்த்தார்.

ஆமாம் என்றால் கார் போகிறது. இல்லை என்றால் கார் இருக்கும், நான் போகிறேன். மனைவிக்குப் பயந்து காருக்குள் ஒளிந்திருந்தேன் என்று அவள் எதிரிலேயே எப்படிச் சொல்வது? ஒரு கணம் யோசித்தேன். அப்புறம் வருவது வரட்டும் என்று தொண்டையைக் கனைத்தேன். ஒரு மனிதன் எத்தனை நாள்தான் ஜன்னலை ஏற்றிக்கொண்டு பேசுவான்?

"நான் ஸ்டார்ட் பண்ணதே இல்லை!" என்றேன். "ஒரு நாள்கூட இல்லை! சாவியைத் திருப்பினதே இல்லை! சும்மா உட்கார்ந்திருந்தேன். தினமும் ஒரு மணி நேரம். யாரும் எதுவும் கேட்காம, யாரும் எதுவும் சொல்லாம, எதையும் வாங்கிட்டு வரச் சொல்லாம. அந்த ஒரு மணி நேரம் எனக்கு வேணும். அதுக்காகத்தான் இந்தப் பாதிப் பாலிஷ். இந்தக் காரை நான் விக்க மாட்டேன்!"

ரைட்டுகூடப் பேசவில்லை. நானும் நெஞ்சை இறக்கவில்லை.

மேடம் மட்டும் எதுவும் காதில் விழாதவர் மாதிரி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மனைவி நீட்டிய சாவியை வாங்கித் திருப்பினார். இப்போது செத்த பேட்டரி 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கும், நான் சொன்னது ருசுவாகும் என்று காத்திருந்தேன்.

முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது.

"பஞ்சு மாதிரி ஓடுது" என்றார் மேடம். நான் வாயைத் திறந்தபடி மனைவியைப் பார்த்தேன்.

"நீங்க ஸ்டார்ட் பண்றதில்லைன்னு எனக்கு எப்பவோ தெரியுங்க" என்றாள். "தினமும் ஒரு மணி நேரம் ஓடினா பெட்ரோல் தீராதா? பெட்ரோல் போடணும்னு ஒரு தடவையாவது வாயைத் திறந்தீங்களா?"

"அப்போ... யாரு?"

"நான்தான். நீங்க காலைல ஆபீஸ் பஸ் ஏறினதும் வந்து ஸ்டார்ட் பண்ணுவேன். ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். நானே ஓட்டிக்கிட்டு எங்கேயாவது தூரமாப் போற மாதிரி நினைச்சுப்பேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆஃப் பண்ணிட்டு உள்ளே போயிடுவேன்."

"பெட்ரோலு?"

"அண்ணன்தான் கேன்ல வாங்கிட்டு வந்து ஊத்துவாரு."

மதிலைப் பார்த்தேன். "ரைட்டு" என்று மெதுவாகச் சொன்னார் அண்ணன். உலகத்தில் உள்ள அத்தனையையும் பேசிய மனிதர், இதை மட்டும் என்னிடம் பேசவில்லை.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. காலையில் அவள், சாயங்காலம் நான். ஒரே சீட்டில் உட்கார்ந்திருக்கிறோம். அவளுக்கு ஒரு ஆசை இருக்கிறதா என்று இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை.

"ஓட்டக் கத்துக்கணும்னு ஆசைன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"தனியா உட்காரணும்னு ஆசைன்னு நீங்க சொன்னீங்களா? முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா..."

"காரை விக்கலாம்னு சொல்லியிருக்க மாட்டே?"

"எப்பவோ வித்திருப்பேன்."

அப்புறம்தான் முழு விஷயமும் வெளியே வந்தது. அவளும் மேடமும் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். காருக்கு ஒரு நியாயமான விலை. அதோடு என் மனைவிக்கு டிரைவிங் வகுப்பு இலவசம். தினமும் சாயங்காலம், இதே காரில்.

"அதனால சாயங்காலம் ஒரு மணி நேரம் நான் வீட்டுலயே இருக்க மாட்டேங்க" என்றாள் மனைவி. "கார்ல போய் ஒடுங்கி உட்கார வேணாம். வீடு பூராவும் உங்களுக்குத்தான். காலை நீட்டிக்கிட்டு உட்காருங்க. யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டாங்க."

இப்போது சொல்லுங்கள், யார் ஜெயித்தது? எதிர்த்துப் பேசினேன். பேசியதால்தான் கிடைத்தது. ஒரு பழைய சீட்டைக் கொடுத்து ஒரு வீட்டையே வாங்கிவிட்டேன்! அதே சந்தோஷத்தில் டேப்பைப் பிய்த்துப் போட்டுவிட்டு மறுபக்கத்தையும் அன்றைக்கே தேய்த்து முடித்தேன். மேடம் காரை எடுத்துக்கொண்டு தெருமுனையில் திரும்பும்போது அது கண்ணாடி மாதிரி மின்னியது. மனைவி உண்மையிலேயே அதைப் பார்த்துத் தலை சீவியிருக்கலாம். அது மறையும் வரை கையை ஆட்டினேன். என்ன இருந்தாலும் என்னை ஒரு கேள்வியும் கேட்காத கார்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் ஹாரன் சத்தம். மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு, சின்னப் பெண் மாதிரி படியிறங்கி ஓடினாள். "பார்த்துப் போ" என்றேன். இரண்டு மூன்று தடவை குலுங்கிவிட்டுக் கார் போனது. அவள் சிரிப்புச் சத்தமும் கூடவே போனது.

வீடு அமைதியாகிவிட்டது. சோபாவின் ஒரு முனையில் தலை, மறுமுனையில் கால். மிக்ஸி சத்தம் இல்லை. கேள்வி இல்லை. புத்தக அலமாரிக்குப் பின்னால் முன்யோசனையோடு மறைத்து வைத்திருந்த சாக்லேட்டை எடுத்துக்கொண்டு வந்து, நிதானமாகக் காகிதத்தைப் பிரித்தேன்.

அழைப்பு மணி அடித்தது.

சாக்லேட்டைக் குஷனுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தேன். பிளாஸ்க்கில் டீயோடு ரைட்டு நின்றார்.

"தங்கச்சி சொல்லிட்டுப் போச்சு தம்பி. தனியா விட்டா உங்க கை இனிப்புப் பக்கம் போகுமாமே? அது திரும்பி வர்ற வரைக்கும் கூடவே உட்கார்ந்து பேசிக்கிட்டு இருக்கச் சொல்லுச்சு. தினமும்."

உள்ளே வந்து, காகிதம் எட்டிப் பார்த்த குஷனைச் சரி செய்வதுபோலச் சாக்லேட்டை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, சோபாவில் சௌகரியமாகச் சாய்ந்தார்.

"உட்காருங்க தம்பி. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்லேருந்து ஆரம்பிக்கிறேன்."